புதுப்பிப்பு: இர்வின் கிடைத்தாரா?

1924 ஜூன் 8 அன்று எவரெஸ்ட் உச்சியை அடையப் போய் மறைந்துபோன பிரிட்டிஷ் மலையேற்ற வீரர்கள் மேலரி, இர்வின் பற்றி முன்பு ஒரு இழை எழுதியிருந்தேன். மேலரியின் உடல் 1999-ல் கிடைத்தது, இர்வினைத்தான் காணவில்லை என்பதோடு அது நின்றது. அப்புறம் என்ன ஆச்சு என்று சிலர் கேட்டீர்கள்.

2024 செப்டம்பரில் மலையேற்ற வீரரும் ஆவணப்பட இயக்குநருமான ஜிம்மி சின் குழுவினர், வடக்கு முகத்துக்குக் கீழே மத்திய ரோங்புக் பனியாற்றில், பனி உருகி வெளியே தெரிந்த ஒரு பழைய தோல் பூட்ஸைப் பார்த்தார்கள். அடியில் ஆணிகள் அடித்த, அந்தக் காலத்துப் பூட்ஸ். உள்ளே காலுறையோடு ஒரு பாதம். காலுறையில் தைத்திருந்த பட்டையில் பெயர்: ஏ. சி. இர்வின். அவருக்கு அப்போது வயது 22. படிக்கும்போதே மனம் கனத்துவிட்டது.

இத்தனை காலம் தேடியவர்கள் 8,000 மீட்டருக்கு மேலே, பாறை விளிம்புகளில்தான் தேடினார்கள். கால் கிடைத்ததோ வெகு கீழே. விழுந்தோ, பனிச்சரிவில் அடித்துவரப்பட்டோ இறங்கியிருக்க வேண்டும்.

சரி, கேமரா? உச்சியில் படம் எடுத்திருந்தால், அவர்கள் அங்கே போனதற்கு அதுதானே சாட்சி. அவர்கள் கொண்டுபோன கோடாக் மேலரியிடம் இல்லை. இன்னும் கிடைக்கவும் இல்லை. இனி தேடுபவர்கள் பனியாற்றில்தான் தேட வேண்டும் என்று நினைக்கிறேன். உச்சியைத் தொட்டார்களா என்ற கேள்விக்கு இந்தப் பூட்ஸ் பதில் சொல்லவில்லை.