புதுப்பிப்பு: ஏ அழுத்தினால் யூ விழுந்த சிக்கல் தீர்ந்தது

கோத்தகிரியில் தேயிலைத் தொழிற்சாலை ஒன்றில் பச்சை இலை எடை பதியும் லினக்ஸ் நிரலில், ஏ அழுத்தினால் யூ விழுகிறது, மேல்வரிசை 9 அழுத்தினால் 1 வருகிறது, 8 அழுத்தினால் எஸ்கேப் ஆகித் திரையே மூடிக்கொள்கிறது என்று கேட்டிருந்தேன். யோசனை சொன்ன எல்லோருக்கும் நன்றி.

மலை ஈரத்தில் விசைப்பலகை கெட்டிருக்கும் என்று சிலர் சொன்னீர்கள். நம்ம ஊரில் நடக்கக்கூடியதுதான், ஆனால் புதியதை மாட்டியும் அதே கதை. எந்த விசைக்கு எந்த எண் வருகிறது என்று காட்டும் இவிடெஸ்ட் கருவியை ஓட்டிப் பார்க்கச் சொன்னதுதான் வழிகாட்டியது. லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் ஏ விசைக்கு 30 என்ற எண்ணைச் சரியாகவே அனுப்புகிறது. விசை எண்ணை எழுத்தாக மாற்றும் எக்ஸ்கேபிகாமன் நிரல் நூலகமோ, லினக்ஸின் பழைய திரை அமைப்பான எக்ஸ்11-இன் வழக்கப்படி 38-ஐ எதிர்பார்க்கிறது. எக்ஸ்11-இல் விசை எண்கள் 8-இலிருந்துதான் தொடங்கும். நடுவில் இருந்த, சி மொழியில் எழுதிய பழைய நூலகம் 30-ஐ அப்படியே தள்ளிவிட்டது. எக்ஸ்11 கணக்கில் 30 என்றால் யூ. அந்த இடத்தில் 8 கூட்டியதும் எழுத்து, எண் எல்லாம் சரி.

அப்புறம், எதிர்பாராத ஒன்று: மடிக்கணினியின் மைக் மியூட் விசை எக்ஸ்11-இல் மட்டும் இன்னும் வேலை செய்யவில்லை. அதன் எண் 248. எட்டு கூட்டினால் 256. எக்ஸ்11 255-க்கு மேல் ஏற்காது. புதிய திரை அமைப்பான வேலாண்டில் பிரச்சினை இல்லை. எக்ஸ்11-லேயே இருப்பவர்கள் லினக்ஸில் சாதனங்களைக் கவனிக்கும் யுடெவ் அமைப்பில் அந்த விசையை எஃப்20 ஆக மாற்றிக்கொள்ளலாம்.