பின் பிரேக் லீவர் திரும்பி வரவில்லை, முன் பிரேக் லீவர் பிடியைத் தொடுகிறது – உதவி தேவை

கருமணல் (மணவாளக்குறிச்சி):
மகன் பள்ளிக்கு ஓட்டிப் போகும் கியர் சைக்கிள். இரண்டு பக்கமும் வி-பிரேக் (ரிம்மின் இரு பக்கமும் நிற்கும் இரண்டு நீளக் கைகள் கட்டையை அழுத்தும் வகை), அலுமினிய ரிம். பின் பிரேக்கைப் பிடித்து விட்டால் லீவர் தானாகத் திரும்புவதில்லை, விரலால் தள்ளிவிட வேண்டியிருக்கிறது. பிரேக் கட்டை ரிம்மை உரசிக்கொண்டே இருப்பதால் பையன் களைத்துப்போய் வருகிறான். முன் பிரேக் நேர்மாறு. லீவர் ஹேண்டில் பிடியைத் தொடும் வரை போகிறது, ஆனாலும் வண்டி நிற்க மறுக்கிறது. கட்டை புதுசுதான். கடையில் காட்டினேன். பின் ஸ்பிரிங்கை முறுக்கிவிட்டார்கள், கொஞ்ச நாளில் பழையபடி ஆகிவிட்டது. மழை வேறு பிடித்துக்கொண்டது. முட்டம் பக்கத்து இறக்கத்தில் அவன் போவதை நினைத்தால் வயிற்றைக் கலக்குகிறது. எல்-கீ செட், ஸ்க்ரூ டிரைவர், கட்டிங் பிளேயர் வீட்டில் இருக்கிறது. நானே சரிசெய்ய முடியுமா?

ஆரல்காற்று (ஆரல்வாய்மொழி):
அக்கா, பின் பிரேக் ஒயருக்குள் நாலு சொட்டு தேங்காய் எண்ணெய் விட்டுப் பாருங்கள். முன் பிரேக்குக்கு ஒயரை இழுத்து முடுக்கினால் போதும்.

பழைய பெடல் (தக்கலை):
தேங்காய் எண்ணெய் மட்டும் வேண்டாம் தம்பி. நாளாக ஆகப் பிசுபிசுத்து மணலைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஒரு சொட்டு ரிம்மில் வழிந்தால் இருக்கிற பிரேக்கும் போச்சு.

அக்கா, தாராளமாக நீங்களே செய்யலாம். முதலில் பழுது எங்கே என்று பிரித்துப் பார்த்துவிடுவோம். லீவர், ஒயர், பிரேக் கைகள் என்று மூன்று இடம்தான். பின் சக்கரத்தின் இரண்டு பிரேக் கைகளையும் ஒரு கையால் ரிம்மோடு சேர்த்து அழுத்துங்கள். ஒயர் வந்து சேரும் இடத்தில் வளைந்த ஒரு சின்ன உலோகக் குழாய் இருக்கும். அதைப் பின்னுக்கு இழுத்து மேலே தூக்கினால் கழன்று வரும். இப்போது பிரேக் கைகள் தனி, ஒயர் தனி.

கைகளை ரிம்மோடு அழுத்தி விடுங்கள். பட்டென்று விரிந்தால் ஸ்பிரிங் நல்ல நிலையில்தான் இருக்கிறது. மெதுவாக நகர்ந்தால் கை சுழலும் அச்சில் துரு ஏறியிருக்கிறது. அடியில் இருக்கும் போல்ட்டைக் கழற்றி, கையை உருவி, அச்சைத் துடைத்து கிரீஸ் தடவிப் பூட்ட வேண்டும். ஸ்பிரிங் முனை எந்த ஓட்டையில் இருந்தது என்று கழற்றும்முன் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

கைகள் நன்றாக விரிந்தால் ஒயரைப் பாருங்கள். அந்த வளைகுழாயைக் கையில் பிடித்துக்கொண்டு, இன்னொருவரை லீவரை மெதுவாகப் பிடித்து விடச் சொல்லுங்கள். உள்ளே கரகரவென்று தட்டுப்படுகிறதா, இடையில் நின்று நின்று நகர்கிறதா? நான் எடுத்துப் பார்த்த கடலோர வண்டிகளில் பெரும்பாலும் இங்கேதான் கோளாறு. ஸ்பிரிங்கை முறுக்கினால் கொஞ்ச நாள் ஓடும், உராய்வு அப்படியே இருப்பதால் மறுபடி சிக்கும். உங்களுக்கு நடந்ததும் இதுதான் என்று நினைக்கிறேன்.

கருமணல்:
அண்ணே, செய்துவிட்டேன். கைகள் பட்டென்று விரிகிறது. ஒயர்தான் கரகரக்கிறது. வளைகுழாயின் முனையில் இருக்கும் ரப்பர் உறை கிழிந்திருக்கிறது, அதற்குள் எங்கள் ஊர்க் கருமணல் பொடிப்பொடியாக இருந்தது. அவுட்டரை, அதாவது ஒயரின் வெளியுறையை, பிரேமில் இருந்து விடுவித்து நகர்த்தினேன். இருக்கைக்குக் கீழே வளைகிற இடத்தில் உள்ளே ஓடும் இன்னர் கம்பி செம்மண் நிறமாக இருக்கிறது. ஓர் இழை அறுந்து மீன்முள் மாதிரி துருத்திக்கொண்டு நிற்கிறது.

பழைய பெடல்:
அப்படியானால் எண்ணெய் விட்டுப் பலனில்லை, இன்னர், அவுட்டர் இரண்டும் மாற்ற வேண்டியதுதான். இழை அறுந்த ஒயரோடு இன்றைக்கே ஓட்ட வேண்டாம், பையனை பஸ்ஸில் அனுப்புங்கள்.

கடையில் 'பிரேக் அவுட்டர்' என்று அழுத்திச் சொல்லி வாங்குங்கள், கனம் 5 மி.மீ. கியர் அவுட்டர் பெரும்பாலும் 4 மி.மீ. வெட்டிய முனையைப் பார்த்தாலே வித்தியாசம் தெரியும். பிரேக் அவுட்டரில் கம்பி சுருள்சுருளாகச் சுற்றியிருக்கும், கியர் அவுட்டரில் மெல்லிய கம்பிகள் நீளவாக்கில் ஓடும். கியர் அவுட்டரை பிரேக்குக்குப் போட்டால் அழுத்திப் பிடிக்கும்போது பிளந்துவிட வாய்ப்பு உண்டு. இன்னர் 1.5 அல்லது 1.6 மி.மீ. உங்கள் ஊர் உப்புக்காற்றுக்கு ஸ்டெயின்லெஸ் கம்பியே நல்லது, கொஞ்சம் காசு கூடினாலும் பரவாயில்லை. வளைகுழாயும் ரப்பர் உறையும் புதுசாகவே வாங்கிவிடுங்கள்.

பழைய அவுட்டரை அளவு வைத்து வெட்டுங்கள். வெட்டிய வாயைக் கட்டாயம் பாருங்கள். கட்டிங் பிளேயர் பட்டதில் சுருளின் முனை உள்பக்கம் மடங்கி நிற்கும், அதுவே இன்னரைச் சுரண்டும். அரத்தால் சமமாகத் தேய்த்து, நசுங்கிய பிளாஸ்டிக் குழாயை ஊசியால் அகலப்படுத்தி, அப்புறம் மூடியைப் போடுங்கள். புது ஒயர் போட்ட அன்றே இறுக்கமாக இருக்கிறது என்று வரும் வண்டிகளில் பாதி இந்த வாயால்தான்.

ரப்பர்தோட்டம் (குலசேகரம்):
முன் பிரேக்கைப் பற்றி ஒரு கேள்வி. அந்த லீவர் வண்டியோடு வந்ததா, இடையில் மாற்றியதா?

கருமணல்:
மாற்றியதுதான். போன வருஷம் பையன் விழுந்து உடைந்தது. கடையில் இருந்த ஒன்றைப் போட்டுக் கொடுத்தார்கள்.

ரப்பர்தோட்டம்:
சந்தேகம் அங்கேதான். வி-பிரேக் வேலை செய்ய லீவர் நிறைய ஒயரை இழுக்க வேண்டும், சாதாரண காலிப்பர் பிரேக் (சக்கரத்துக்கு மேலே ஒரே போல்ட்டில் மாட்டும் வகை) லீவர் இழுப்பதைப் போல் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. காலிப்பர் லீவரை இதில் மாட்டினால் கட்டை ரிம்மை அழுத்துவதற்குள் லீவர் பிடியில் முட்டிவிடும். இடது வலது இரண்டு லீவரையும் அருகருகே பாருங்கள். லீவர் சுழலும் ஆணியிலிருந்து ஒயரின் குமிழ் உட்காரும் குழி எவ்வளவு தூரம்? புது லீவரில் அந்தத் தூரம் குறைவாக இருந்தால் லீவரை மாற்றியே ஆக வேண்டும். ஒயரை முடுக்கிச் சரிக்கட்டப் பார்த்தால் கட்டை ரிம்மை ஒட்டிக்கொண்டு உரசும், பிடிப்பும் வராது. எங்கள் பேச்சிப்பாறைப் பக்கத்து ரோட்டில் அப்படி ஒரு வண்டியை நான் இறக்கவே மாட்டேன்.

ஆரல்காற்று:
நல்ல விவரம் மக்கா. முடுக்கச் சொன்னேன், அது இங்கே உதவாது என்று இப்போது விளங்குகிறது.

கருமணல்:
அளந்தேன், குழி ஆணிக்கு ரொம்பப் பக்கத்தில் இருக்கிறது. நாகர்கோவிலில் வி-பிரேக் லீவர் கிடைத்தது, பின்பக்க ஒயரும் வாங்கிவிட்டேன். பூட்டும் முறையைச் சொல்லுங்கள்.

பழைய பெடல்:
முதலில் கட்டை. கையால் ரிம்மோடு அழுத்திப் பார்த்தால் முழுக் கட்டையும் ரிம்மின் பக்கவாட்டில் உட்கார வேண்டும். மேலே ஏறி டயரைத் தொட்டால் டயர் அறுந்துவிடும், கீழே இறங்கினால் ஸ்போக்ஸ் கம்பிகளுக்குள் நழுவிவிடும். ரிம்மில் கோட்டம் இருந்தால் அதை முதலில் எடுத்துவிடுங்கள், கோட்டத்தோடு பிரேக் வைத்தால் ஒரு பக்கம் உரசிக்கொண்டேதான் இருக்கும்.

லீவரில் ஒயர் நுழையும் இடத்தில் இருக்கும் திருகு உருளையை முழுவதும் உள்ளே திருகி, ஒன்றிரண்டு சுற்று வெளியே எடுங்கள். ஒயரைக் கோத்து, கட்டைக்கும் ரிம்முக்கும் இரு பக்கமும் 1 மி.மீ. இடைவெளி வருமாறு இழுத்துப் பிடித்து, 5 மி.மீ. எல்-கீயால் போல்ட்டை இறுக்குங்கள். ஒரு பக்கக் கட்டை மட்டும் ரிம்மோடு ஒட்டி நின்றால், அந்தக் கையின் அடியில் இருக்கும் சின்ன ஸ்க்ரூவை உள்ளே திருகுங்கள், அரைச்சுற்று அரைச்சுற்றாக. அந்தக் கை விலகிப் போகும்.

பிறகு வண்டியை நிறுத்தி வைத்து லீவரை முழு பலத்தோடு பலமுறை பிடியுங்கள். ஒயர் நழுவுவதாக இருந்தால் வீட்டு முற்றத்திலேயே நழுவட்டும். முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு வண்டியை முன்னே தள்ளினால் பின் சக்கரம் தரையை விட்டு எழும்ப வேண்டும்.

கருமணல்:
எழும்பியது! பின் லீவரும் விட்டதும் டப்பென்று திரும்புகிறது. முன்னால் மட்டும் கீச்சென்று ஒரு சத்தம்.

பழைய பெடல்:
கட்டையின் முன்முனை ஒரு நூலளவு முன்னதாக ரிம்மைத் தொடும்படி வையுங்கள். கட்டை போல்ட்டைத் தளர்த்தி, பின்முனைக்கும் ரிம்முக்கும் நடுவே மடித்த அட்டை ஒன்றைச் சொருகி, லீவரைப் பிடித்தபடியே இறுக்கினால் சரியாக வரும். அதற்கு முன் ரிம்மை சானிடைசரில் நனைத்த துணியால் துடைத்து, கட்டையின் முகத்தை உப்புத்தாளில் லேசாகத் தேய்த்துவிடுங்கள். மழையில் ரிம் நனைந்திருக்கும்போது பிடிப்பு வரக் கொஞ்சம் நேரம் எடுக்கும். இறக்கம் வருவதற்கு முன்பே லேசாகப் பிடித்துத் தண்ணீரை வழித்துவிடப் பையனிடம் சொல்லுங்கள்.

ஓட்ட ஆரம்பித்ததும் புது ஒயர் கொஞ்சம் தளரும், அப்போது லீவரில் இருக்கும் உருளையை வெளியே திருகி, அதன் பூட்டு நட்டை இறுக்கினால் போதும். வெட்டிய ஒயர் முனைக்குத் தொப்பி போட்டீர்களா? இல்லாவிட்டால் இழை பிரிந்து பையன் காலைக் குத்தும்.