டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸில (டி அன்ட் டி) மைன்ட் கொன்ட்ரோல் ஸ்பெல்லால உங்கட டேபிள் எப்பவாவது குழம்பியிருக்கோ? என்ட பிழையிலயிருந்து தொடங்கிறன்

அஞ்சாம்மாடி டிஎம்

ரெண்டு கிழமையா மண்டைக்குள்ள ஓடிக்கொண்டிருக்கு, எங்கயாவது கொட்டித்தான் ஆகவேணும். வெள்ளவத்தைல எங்கட ஃபிளாட்ல ஞாயிற்றுக்கிழமை செஷன், கதையை நடத்திற டிஎம் நான், அஞ்சு பேர், ஏழாம் லெவல், 2014 விதிப்புத்தகம். வில்லன் ஒரு மேஜ் (மந்திரவாதி), எதிரிகளின்ட புத்தகமான மொன்ஸ்டர் மனுவல்ல இருக்கிற அதே ஆள்தான், நான் குளிரால அடிக்கிற கோன் ஒஃப் கோல்ட் ஸ்பெல்லை எடுத்துப்போட்டு, ஆளையே ஆட்டிவைக்கிற டொமினேட் பேர்சன் குடுத்தன். கோன் ஒஃப் கோல்ட் அடிச்சா மூண்டு பேராவது படுத்திடுவினம், இது கொஞ்சம் சாதுவா இருக்கும் எண்டு நினைச்சன். சிரிக்காதேங்கோ.

எங்கட கிளெரிக்கா (பூசாரிப் பாத்திரம்) விளையாடுறது ஒரு அக்கா, பாத்திரம் அரை எல்ஃப், அவ கிழமை முழுக்க வேலைக்கு ஓடுற ஆள், அவவுக்கு இந்த நாலு மணித்தியாலம்தான் சொந்த நேரம். ஸ்பெல்லிலயிருந்து தப்ப உருட்டிற விஸ்டம் சேவ் +7. இருபதுபக்க டைசை உருட்டினா, 6 விழுந்துது. மொத்தம் 13. மேஜின்ட டிசி, எண்டா எட்டவேண்டிய இலக்கு, 14. ஒண்டால போச்சு.

பிறகு நாலு ரவுண்ட். அவவின்ட சொந்தத் தம்பிதான் விசார்ட். நான் "தம்பியாரை அடிங்கோ அக்கா" எண்டன். சரி எண்டா. அடுத்த ரவுண்ட் காயப்படுத்திற இன்ஃப்ளிக்ட் வூண்ட்ஸ் ஸ்பெல். நேரம் போகுதெண்டு அதுக்கான மூண்டு பத்துப்பக்க டைசையும் (டி10) நானே எடுத்து உருட்டிட்டன். அவ கோவிக்கேல்ல, போனையும் எடுக்கேல்ல. தன்ட டைசை எல்லாம் ஒண்டொண்டா பொறுக்கி பென்சில் கேசுக்குள்ள போட்டு சிப்பை இழுத்தா. அந்த நேரம் பார்த்து கீழ கோச்சி போகுது, சன்னலே அதிருது, எனக்குக் கேட்டது அந்தச் சிப் சத்தம்தான்.

இரவு கோப்பை எல்லாம் கழுவி வச்சிட்டு புத்தகத்தை எடுத்து அந்த ஸ்பெல்லை முழுசா வாசிச்சன். காயம் படுற ஒவ்வொரு தரமும் புதுசா ஒரு சேவ் இருக்கு. எங்கட ஃபைட்டர் அவவைத் தடுக்கவெண்டு ரெண்டு தரம் அடிச்சவன். ரெண்டு சேவும் நான் குடுக்கேல்ல. அரை எல்ஃப் எண்டதால முதல் சேவுக்கே அட்வான்டேஜ் (ரெண்டு தரம் உருட்டி நல்லதை எடுக்கிறது) வேற இருந்திருக்கவேணும். அவவுக்கு இன்னும் சொல்லேல்ல. சொல்லவோ வேண்டாமோ எண்டு கேக்கேல்ல, உங்களுக்கு இப்பிடி நடந்திருக்கோ எண்டுதான் கேக்கிறன்.

கொட்டாஞ்சேனை பார்ட்

மச்சான் என் கதை உல்டா, நாசம் பண்ணினதே நான்தான்.

2022, கரண்ட் 13 மணித்தியாலம் வரைக்கும் கட் ஆன காலம், சார்ஜ் லைட் ஒண்ணை நடுவுல வச்சிட்டு விளையாடினோம். அஞ்சாம் லெவல் பார்ட் (மந்திரம் போடுற பாட்டுக்காரன்), கரிஸ்மா 18, டிசி 15. சாதாரண காவல்காரனுக்கு விஸ்டம் சேவ் பூச்சியம். 100க்கு 70 தடவை அவன் விழுவான், அதை நான் ரெண்டாவது செஷன்லயே கண்டுபிடிச்சிட்டேன். அப்புறம் என்ன, எந்தக் கதவு வந்தாலும், சொல்றதைச் செய்ய வைக்கிற சஜெஸ்சன் ஸ்பெல். டிஎம் ஒரு துறைமுகக் கதை கட்டியிருந்தார், கள்ளக்கடத்தல், சுங்கம், கொள்ளைக்கூட்டம் மூணு, பெரிய கோடவுன் ஒண்ணு, அதுக்குள்ள போறதுக்கே மூணு நாலு செஷன் ஆகும்னு நினைச்சிருப்பார் போல. வாசல்ல நின்னவன்கிட்ட நான் சொன்னேன், "அண்ணே ரொம்பக் களைச்சுப் போயிருக்கீங்க, சாவியை இந்தத் தம்பிகிட்ட குடுத்திட்டு வீட்டுக்குப் போய்ப் படுங்க." உருட்டினார், 4. சாவி வந்திடுச்சு. உள்ள போய் கணக்குப் புத்தகத்தைத் தூக்கிட்டு பத்து நிமிஷத்துல வெளிய வந்திட்டோம். எல்லாரும் சிரிச்சு மேசையைத் தட்டினாங்க.

அவர் தன் சி.ஆர். கொப்பியை மூடப் போனார், லைட் வெளிச்சத்துல எனக்குத் தெரிஞ்சிடுச்சு. கோடவுன் மேப். கலர் பென்சில்ல, அறை அறையா, ஒவ்வொரு பீப்பாவும் தனித்தனியா, மூலையில ஒரு பூனை கூட. அந்தப் பூனை என்னத்துக்குன்னு இன்னைக்கும் எனக்குத் தெரியாது.

அடுத்த கிழமையில இருந்து ஊர்ல இருக்கிற எல்லாக் காவல்காரனுக்கும் ஒரே மாதிரி மோதிரம், யாருக்கும் மயக்கிற சார்ம் வேலை செய்யாது. எனக்கு அப்ப பயங்கரக் கடுப்பு. ஆனா நான் யாரைக் குறை சொல்ல?

ரூல்ஸ் மாமா

ரெண்டு பேருக்கும் சேர்த்துச் சொல்லுறன், கோவிக்கவேண்டாம்.

முதலாவது, அஞ்சாம்மாடித் தம்பி, அரை எல்ஃப் எண்டதே தேவையில்ல. மேஜோ அவன்ட ஆக்களோ அவவோட சண்டை பிடிச்சுக்கொண்டிருக்கேக்க டொமினேட் போட்டா யாரா இருந்தாலும் அட்வான்டேஜ்தான், ஸ்பெல்லிலயே எழுதிக் கிடக்கு. +7க்கு டிசி 14 எண்டா தோக்கிறது 100க்கு 30, அட்வான்டேஜோட 9. அதோட கொன்சன்ட்ரேஷன், அடி பட்டா மேஜ் ஸ்பெல்லைப் பிடிச்சுவச்சிருக்க ஒரு சேவ் எடுக்கவேணும். உங்கட ஆக்கள் ஒருத்தரும் அந்த மேஜுக்கு ஒரு அம்பு கூட விடேல்லயோ? அவன்ட கொன்ஸ்டிடியூசன் சேவ் பூச்சியம், சின்ன அடிக்கே டிசி 10, கிட்டத்தட்டப் பாதிக்குப் பாதி உடைஞ்சிருக்கும். ஸ்பெல் பலமில்ல, பிரேக்கைக் கழட்டிப்போட்டு ஓட்டினா எந்த வண்டியும் இடிக்கும்.

ரெண்டாவது, பார்ட் தம்பி. சஜெஸ்சன் வாயால சொல்லிப் போடுற ஸ்பெல். மந்திரம் சத்தமா கேக்கும், கையில பாம்பு நாக்கோட தேன்கூட்டுத் துண்டு, இல்லாட்டி ஒரு துளி எண்ணெய் வேணும். பக்கத்தில இன்னொரு காவல்காரன் நிண்டா சும்மா பார்த்துக்கொண்டிருப்பானோ? சோசரருக்கு (இன்னொரு மந்திரவாதி வகை) சட்டில் ஸ்பெல் எண்ட திறமை இருந்தா மறைக்கலாம், பார்டுக்குத் தானா வராது. உங்கட டிஎம் மோதிரம் குடுத்தது சோம்பேறித்தனம், வாசலில ரெண்டு பேரை நிப்பாட்டியிருந்தா சரி. அதோட ஸ்பெல் முடிய என்ன? அவன் வீட்ட எழும்பி, சாவி எங்க எண்டு தேடுவான். மேலதிகாரி வருவார். அவன் வேலை போகும். உங்கட முகம் அவனுக்கு ஞாபகம் இருக்கும். சார்ம் பேர்சன் எண்டா இன்னும் மோசம், முடிஞ்ச உடன ஆளுக்குத் தன்னை மயக்கினது தெரியும். ஃப்ரெண்ட்ஸ் எண்ட கான்ட்ரிப்பை (சின்ன ஸ்பெல்) எங்கட ஆக்கள் இலவசம் எண்டு எல்லாரிட்டயும் போடுறவை, 2014 புத்தகத்தில ஒரு நிமிசத்தில எதிரியைச் சம்பாதிக்கிற ஸ்பெல் அது. 2024 புத்தகத்தில சஜெஸ்சனுக்கு 25 சொல்லுக்கு மேல பேசேலாது எண்டும் வச்சாச்சு.

இந்தப் பிரச்சினை புதுசும் இல்ல. சார்ம் பேர்சன் 1974ல விளையாட்டு வந்த நாளே இருந்தது. விளையாட்டின்ட பழைய பதிப்பான ஏடி அன்ட் டில இன்னும் பயங்கரம், மயங்கினவனுக்கு எவ்வளவு மூளை எண்டு பார்த்துத்தான் அடுத்த சேவ், அடிமட்ட மொக்கனுக்கு மூண்டு மாசத்துக்கு ஒருக்கா.

பெரிய வில்லனை ஒரே உருட்டில விழுத்திறாங்கள் எண்டு அழுற டிஎம்மாருக்கு, லெஜன்டரி ரெசிஸ்டன்ஸ் எதுக்கு இருக்கு? வழமையா நாளுக்கு மூண்டு தரம், தோத்த சேவை வெண்டதா மாத்தலாம். அதை எரிக்கவைக்கிறதே பார்ட்டிக்கு ஒரு வேலை. குட்டி வில்லனுக்கு அது வேண்டாம், பக்கத்தில, மற்றவன்ட ஸ்பெல்லை முறிக்கிற கவுன்டர்ஸ்பெல் தெரிஞ்ச சிஷ்யன் ஒருத்தன் போதும்.

என்ட கதை சின்னது. ஒருக்கா என்னை டொமினேட் பண்ணினவங்கள். ரெண்டாம் ரவுண்டில சேவ் எடுத்தன். அவ்வளவுதான்.

தெமட்டகொட நானா

மாமா, உங்கட கதை ரெண்டு வரி, அட்வைஸ் ரெண்டு முழம். அந்த அக்காக்கு 9 வீதம்னு சென்னா சரியாயிருமா? அந்த 9 வந்தா அவ நாலு ரவுண்ட் சும்மா குந்தியிருக்கணும், தம்பிய அடிக்கிறதுக்கு டைசும் வேற ஆள் உருட்டுவாரு. கணக்கு சரி, டேபிள் பிழை. இன்னொண்டு, அரை எல்ஃப் தேவையில்லன்னு சென்னீங்க, முதல் சேவுக்கு மட்டும்தான் அது. காயம் பட்ட பொறகு வாற சேவுக்கு சண்டை அட்வான்டேஜ் இல்ல, எல்ஃப் ரத்தம்தான் கைகுடுக்கும். புத்தகத்தத் திருப்பிப் பாருங்க.

சரி என்ட கதை. நோன்பு நேரம், தராவீஹ் முடிஞ்சு வந்து சஹர் வரைக்கும் விளையாடுவோம். கேம்ல ஒரு துறைமுக ஊர், அதுல சாப்பாட்டுக்கடை வச்சிருக்கிற ஒரு கெழவர். எங்க தெருவுல இருந்த ஒருத்தர மாதிரியே கொரல் போட்டு நடிச்சேன், காசு வாங்கக்குள்ள எண்ணாம மேசை லாச்சிக்குள்ள போடுற பழக்கத்தோட. பார்ட்டிக்கு அவர்ன்னா உசிரு. அவர்ட மகள் கப்பல் ஏறிப் போறா, போகக்குள்ள பார்ட்டிட ரகசியம் ஒண்ட வாப்பாட்ட சொல்லிட்டுப் போறா. எங்க விசார்ட் பொடியன் யோசிக்கவே இல்ல, மொடிஃபை மெமரி, கடைசிப் பத்து நிமிஷத்தத் தொடச்சிட்டான். ரகசியம் போச்சு. மகள் சலாம் சொல்லி விடைபெற்றதும் அதோட போச்சு.

நான் கெழவரா நடிச்சுட்டே போனேன். மேசையத் தொடச்சேன், ஒரு பிளேட்ட எடுத்து மூடி வச்சேன், "மகள் இன்னும் வரல்லயே, சோறு ஆறுது" ன்னு மட்டும் சென்னேன்.

ஒருத்தரும் பேசல்ல. அந்தப் பொடியன் ஈத்தம்பழத்தக் கையில வச்சிட்டு அப்படியே இருந்தான். அடுத்த மூணு செஷன் அவன் வேற எதுவும் செய்யல்ல, ரிமூவ் கர்ஸ் போடக்கூடிய ஒருத்தரத் தேடித் திரிஞ்சான், அதால அந்த நினைவு திரும்பும். திரும்பிச்சு. அந்த ஸ்பெல்ல பொறகு அவன் தொடவே இல்ல.

எல்லாரும் சூப்பர் டிஎம்மிங்ன்னு சென்னாங்க. எனக்குத்தான் இன்னும் சரியா விளங்கல்ல, நான் அந்தக் கெழவரத்தான் நடிச்சேனா, இல்ல அந்தப் பொடியன நோகடிக்கணும்னு சோத்த மூடி வச்சேனா.

ரூல்ஸ் மாமா

திருப்பிப் பார்த்தன். மறு சேவ் விசயத்தில நானா சொன்னது சரி. மிச்சத்தில நான் சொன்னதுதான்.

கொட்டாஞ்சேனை பார்ட்

நானா அந்தச் சோறு 😶

மாமா, வாசல்ல ரெண்டு பேர் நின்னிருந்தா நான் ரெண்டு பேருக்கும் வேற வேற கதை சொல்லியிருப்பேன், உங்களுக்கு பார்டுங்களைத் தெரியாது. எங்களை நிப்பாட்டினது மோதிரமும் இல்ல ரூலும் இல்ல. ரெண்டு மாசம் கழிச்சு டிஎம் நேராக் கேட்டார், "உனக்குக் கதவு திறக்கணுமா, கோடவுன் வேணுமா?" அதுக்கப்புறம் நானே செஷனுக்கு ஒரு தடவைன்னு வச்சுக்கிட்டேன். அந்தப் பூனையை மட்டும் கேக்க வெக்கமா இருக்கு.

அஞ்சாம்மாடி டிஎம்

சொல்லிட்டன். நேற்று இரவு வட்ஸ்அப்பில எழுதினன், அழிச்சன், திரும்ப எழுதினன், கடைசியில வொய்ஸ் அனுப்பினன். ரெண்டு சேவ் தவறவிட்டது, அட்வான்டேஜ் தவறவிட்டது, எல்லாம்.

"தெரியும். முதல் அடியிலயே பக்கத்தை எடுத்து வச்சிட்டன். நீங்கள் கேப்பீங்கள் எண்டு பார்த்துக்கொண்டிருந்தன்" எண்டு பதில் வந்துது.

ஏன் சொல்லேல்ல எண்டு கேட்டன். ஒஃபிஸில நாள் முழுக்க ஆக்களின்ர பிழையைச் சொல்லிச் சொல்லியே அலுத்துப்போச்சாம், ஞாயிறும் அதைச் செய்யேலாதாம். பிறகு, அந்த மூண்டு டி10ஐ ஏன் நீங்கள் உருட்டினீங்கள் எண்டு கேட்டா. சேவைப் பற்றி ஒரு சொல்லும் இல்ல. டைசைப் பற்றித்தான்.

போயா லீவுக்கு வாறாவாம். மேஜ் இன்னும் உயிரோடதான் இருக்கிறான், அவனை என்ன செய்யிறதெண்டு தெரியேல்ல.

ரூல்ஸ் மாமா

மேஜை ஓடவிடுங்கோ. அவனுக்கு ஒரு அஞ்சாம் லெவல் ஸ்லொட்தான் (அந்த அளவு ஸ்பெல் ஒருக்காத்தான் போடலாம்), லோங் ரெஸ்ட் (நீண்ட ஓய்வு) எடுக்காம திரும்ப டொமினேட் போடேலாது, பார்ட்டி உடன துரத்தினா

தெமட்டகொட நானா

மாமா 🙏

கடல்பக்கத்து ரோக்

நான் எப்பவும் வாசிக்கிறதோட சரி, எழுதிறது இதுதான் முதல் தரம். என்னையும் மயக்கினவை, வாம்பயர். டிசி 17, 24 மணித்தியாலம். எங்கட டிஎம் மேசையில ஒண்டும் சொல்லேல்ல, அடுத்த நாள் பஸ்ஸில காலி வீதி டிரஃபிக்கில நிக்கேக்க மெசேஜ் வந்தது, "அவர் இப்ப உங்கட நம்பிக்கையான நண்பர். மற்ற ஆக்களுக்குச் சொல்லேல்ல. எப்பிடி நடக்கிறதெண்டு நீங்களே பாருங்கோ, பிடிக்காட்டி இப்பவே சொல்லுங்கோ, மாத்திறன்." வாம்பயரின்ட சார்ம் டொமினேட் மாதிரி இல்லத்தானே, உங்களைப் பொம்மையாட்டம் ஆட்டேலாது, அவர் கேக்கிறது உங்களுக்கு நியாயமாப் படும், அவ்வளவுதான். அதால செய்ததெல்லாம் நான் செய்தது. கதவைத் திறந்தது நான், "உள்ள ஒருத்தரும் இல்ல, வாங்கோ" எண்டு சொன்னது நான். சொல்லவே வெக்கம், அந்த வருசத்தில நான் விளையாடின ஆகத் திறம் செஷன் அதுதான்.

ஆனா எங்கட பார்பேரியன், சொந்த வாழ்க்கையில பத்து வருசச் சிநேகிதன், நான் கூப்பிட்டதெண்டுதான் முதல் ஆளா உள்ள போனவன். சார்ம் முடிஞ்சு ஒரு வருசத்துக்கு மேல. இன்னும் நான் ஹீலிங் போஷன் நீட்டினா, ஏமாத்திறனோ எண்டு பார்க்க இன்சைட் உருட்டுறான். முதல் பகிடி எண்டு நினைச்சன். போன சனிக்கிழமை அவன்ட ஆள் 0 ஹிட் பொயின்டில விழுந்து கிடக்கிறான், ரெண்டு டெத் சேவ் தோத்தாச்சு, இன்னும் ஒண்டு தோத்தா சாவு, நான் ஓடிப்போய் வாயைத் திறந்து போஷனை ஊத்தப்போறன் எண்டு சொல்லுறன், இவன் டிஎம்மைப் பார்த்துக் கேக்கிறான், "மயங்கிக் கிடந்தா இன்சைட் உருட்டலாமோ?"