போதை சரக்கு வித்த கதைய பாடுற அண்டர்கிரவுண்ட் ராப் ஏன் இப்படி இழுக்குது?

கேள்வி:
நான் சிகரெட் கூட தொட்டதில்ல, ஆனா ரெண்டு மாசமா ராத்திரி ஹெட்போன் மாட்டுனா ஓடுறது பூரா அமெரிக்காவுல கோக் (கோகைன் பவுடர்), கிராக் (அதயே சமைச்சு கட்டியாக்குற சரக்கு) வித்த கதைய பாடுற ராப்தான். ராக் மார்சியானோ, பஃபலோ ஊரு கிரிசெல்டா ஆளுங்க, டெட்ராய்ட் போல்டி ஜேம்ஸ். அந்த சரக்கால எத்தன குடும்பம் நாசமாச்சுன்னு தெரிஞ்சும் ரசிக்கிறோமேன்னு உறுத்துது. உங்கள இதுல எது புடிச்சு வச்சிருக்கு?

பதில் 1:
எனக்கு முதல்ல சவுண்டுதாங்க. 2010ல ராக் மார்சியானோ தானே பீட் போட்டு மார்க்பெர்க் ஆல்பம் விட்டாரு, அதுக்கப்புறம் இந்த பாணிய நிறைய பேர் எடுத்துக்கிட்டாங்க. பழைய சோல் இசை ரெக்கார்டுல ஒரு துண்ட வெட்டி திரும்பத் திரும்ப ஓடுற மாதிரி லூப்ல விட்டுருவாங்க, பல பாட்டுல டிரம்ஸே கேக்காது. ஆட வைக்க எதுவும் இல்லாததால பக்கத்துல உக்காந்து ஒருத்தன் தணிஞ்ச குரல்ல பேசுற மாதிரி இருக்கும், தராசு, கிராக் சமைக்க அடுப்புல வச்ச பைரெக்ஸ் கண்ணாடி பாத்திரம், யாரோ கதவ தட்டுற சத்தம்னு அவன் சொல்லச் சொல்ல நமக்கும் வயித்த பிசையும்.

பதில் 2:
சவுண்டு சரி, ஆனா அவங்க ஏன் கிராம் கணக்கு இவ்ளோ பேசுறாங்கன்னும் பாருங்க. அமெரிக்காவுல 1986ல வந்த சட்டப்படி 5 கிராம் கிராக் வித்து மாட்டுனா குறைஞ்சது 5 வருஷம் ஜெயில், அதே 5 வருஷம் பவுடர் கோக்னா 500 கிராம் வித்தாதான். ஒண்ணுக்கு நூறு. கிராக் கேஸ்ல உள்ள போனவங்கள்ல பெரும்பாலானவங்க கறுப்பின மக்கள். 2010லதான் அத ஒண்ணுக்கு பதினெட்டுன்னு குறைச்சாங்க. இது தெரிஞ்சதுக்கப்புறம் பாட்டுல கிராம்னு வந்தாலே எனக்கு வருஷம்னுதான் கேக்குது, பெருமை பேசுற வரியில கூட பயம் இருக்கு.

பதில் 3:
எல்லா பாட்டும் அப்படி இல்லைங்க, வெறும் கார், காசுன்னு அளக்குறவங்களும் நிறைய, அத நான் தள்ளிவிட்டுருவேன். உறுத்துதுன்னு சொன்னீங்கல்ல, அப்போ ‘கா’ன்னு ஒரு ராப்பர் இருந்தாரு, அவர கேளுங்க. புரூக்ளின் பிரவுன்ஸ்வில்ல வளந்தவரு, நியூயார்க் தீயணைப்புத் துறையில கேப்டனா இருந்துகிட்டே ராப் பண்ணாரு, 2024 அக்டோபர்ல 52 வயசுல போயிட்டாரு. சின்ன வயசுல தெருவுல பாத்தது பண்ணுனது எல்லாத்தையும் கிட்டத்தட்ட கிசுகிசுன்னுதான் சொல்லுவாரு. ஒரு இடத்துல கூட ஜெயிச்சவன் குரல் வராது.

கேள்வி கேட்டவர்:
கா இப்பதான் போட்டேன். மூணாவது பாட்டுலயே நிறுத்திட்டு வரிய தேடி படிச்சுகிட்டு இருக்கேன், ஒரு தடவ கேட்டா புடிபடல.