பழைய வெள்ளிக் காசு தேட 15 இஞ்ச் காயில் வாங்கலாமா?

பழையகாசு:
வணக்கம் நண்பர்களே. என்கிட்ட இருக்கறது சிங்கிள் ஃப்ரீக்வன்சி (ஒரே அதிர்வெண்ல வேலை செய்யுற) மெட்டல் டிடெக்டர், கூடவே வந்த 9 இஞ்ச் கான்சென்ட்ரிக் காயில் (தரைமேல வீசுற தட்டு, உள்ள ஒரே மையத்துல ரெண்டு வட்டச் சுருள் இருக்கும்). ஓனர்கிட்ட கேட்டுட்டு ஒரு இடிஞ்ச பழைய வீட்டு மனையில மூணு வாரமா தேடுறேன், ஆணியும் தகரமும்தான் வருது. போன வாரம் வெறும் 3 இஞ்ச் ஆழத்துல ஒரு சின்ன வெள்ளிக் காசு கிடைச்சுது, அதை ஒட்டியே துருப்பிடிச்ச வளைஞ்ச ஆணி ஒண்ணு, அந்த ஆணிய எடுத்துப்போட்டப்புறம்தான் காசு சிக்னலே குடுத்துச்சு. பெரிய காயில் போட்டா இன்னும் ஆழமா பாக்கும்ல?

மண்வெட்டி:
அந்த இடத்துக்கு வேண்டாங்க. உங்க காசு ஆழத்துல இல்ல, ஆணிக்குப் பக்கத்துல மறைஞ்சு கிடந்துச்சு. பெரிய காயிலுக்கு அடியில ஒரே நேரத்துல நாலு ஆணி வந்துரும், அதுல காசு சத்தம் அமுங்கிப்போகும். 5 இல்லேன்னா 6 இஞ்ச் டிடி காயில் (D வடிவத்துல ரெண்டு சுருள் ஓரத்துல ஒண்ணுமேல ஒண்ணு ஏறி இருக்கும்) பாருங்க. கான்சென்ட்ரிக்ல ஃபீல்டு (காந்தப் புலம்) கீழ போகப்போக புனல் மாதிரி குறுகும், டிடியில முன்னாடியிருந்து பின்னாடி வரைக்கும் கத்தி மாதிரி ஒரு மெல்லிசு பட்டையா இருக்கும், அதனால ஆணியையும் காசையும் பிரிச்சுக் காட்டும், இரும்புச்சத்து அதிகமான மண்ணுலயும் கத்தாம இருக்கும். ஆனா பழச தூக்கிப் போட்டுறாதீங்க, இரும்பு பாட்டில் மூடிய காசுன்னு நம்பி ஏமாறுறது டிடியிலதான் ஜாஸ்தி.

ஒத்தைக்காசு:
மேல சொன்னது சரி, ஆனா குப்பை இல்லாத திறந்த வெளின்னா பெரிய காயில் நல்லதுதான், ஒரு வீச்சுல நிறைய இடம் கவர் ஆகும். அதுக்காக 9லருந்து 15 போனா காசுக்கு ஆழமும் அதே கணக்குல கூடிரும்னு நினைக்காதீங்க, பெரிய காயில் மண்ணையும் சேர்த்துப் படிக்கும், அந்தச் சத்தத்த அடக்க சென்சிடிவிட்டிய (சிக்னல் பிடிக்கற கூர்மைய) குறைக்க வேண்டி வந்தா கிடைச்ச ஆழமும் போயிரும். எடையும் இருக்கு, அரை நாள் வீசினா தோள்பட்டை விட்டுப்போகும்.

இன்னொண்ணு, வெள்ளி மின்சாரத்த ரொம்ப நல்லா கடத்துற உலோகம், அதனால குறைஞ்ச ஃப்ரீக்வன்சியிலதான் நல்லா பேசும். சில மெஷின்ல காயில மாத்தினா ஃப்ரீக்வன்சியே மாறும், மைன்லேப் எக்ஸ்-டெர்ரா 705ல 3, 7.5, 18.75 கிலோஹெர்ட்ஸ்னு தனித்தனி காயில் உண்டு. உங்க மாடலுக்குன்னே உள்ள காயில்தானான்னு பாத்து வாங்குங்க, கனெக்டர் பொருந்துதுங்கறதுக்காக வாங்கிடாதீங்க.

பழையகாசு:
ரொம்ப நன்றி. நண்பர் ஒருத்தர்கிட்ட 6 இஞ்ச் டிடி இருந்துச்சு, அந்த காசையும் ஆணியையும் தரையில ரெண்டு விரல் இடைவெளி விட்டு வெச்சு ரெண்டு காயிலையும் வீசிப் பாத்தேன். 9ல வெறும் இரும்பு சத்தம், 6ல ஒரு பக்கத்துலருந்து வீசும்போது மட்டும் காசு தெளிவா கேக்குது, 90 டிகிரி திரும்பி நின்னு வீசினா மறுபடி ஆணிதான். இது சரியா?

மண்வெட்டி:
அதான் சரி. அதனாலதான் ஒரே இடத்த ரெண்டு திசையிலருந்தும் வீசணும்ங்கறது. சின்ன காயில்ங்கறதால அவசரப்படாதீங்க, ஒவ்வொரு வீச்சும் முன்னாடி வீச்சுல பாதிய மூடணும். கேபிள ராடுல இறுக்கமா சுத்திக் கட்டுங்க, லூஸா ஆடுனா பொய் சிக்னல் வரும். அந்த மனைய முதல்லருந்து மறுபடி வீசுங்க, நீங்க தாண்டி வந்த இடத்துலயே இன்னும் காசு இருக்கும்னு தோணுது.