புதுப்பிப்பு: ஒரே வைஃபை கார்டில் இரண்டு நெட்வொர்க், ஓடுகிறது!

கிருஷ்ணகிரியில் மாமாவின் மாங்காய் மண்டி. எடைச்சீட்டு பிரிண்டருக்குத் தனி வைஃபை, இன்டர்நெட்டுக்கு ரவுட்டர் வேறு. சீட்டு அடித்தால் லேப்டாப்பில் நெட் அறுந்துவிடும். ஒரே கார்டில் இரண்டையும் பிடிக்க வழி உண்டா என்று முன்பு கேட்டிருந்தேன்.

உண்டு. லினக்ஸில் 'ஐடபிள்யூ லிஸ்ட்' (iw list) என்ற கட்டளை கொடுத்து, எத்தனை இன்டர்ஃபேஸ் (ஒரே கார்டு தனித்தனிக் கார்டு போல நடந்துகொள்ளும் இணைப்பு), எத்தனை சேனல் (வைஃபை ஓடும் அலைவரிசை) என்று வரும் பகுதியை முதலில் பாருங்கள். இங்கிருக்கும் ஏதெராஸ் கார்டு பல இன்டர்ஃபேஸ்களை விடுகிறது, ஆனால் சேனல் ஒன்றுதான். ரவுட்டர் சேனல் 11இல், பிரிண்டர் சேனல் 6இல் இருந்தன. இரண்டாவது இணைப்பு ஒட்டவே இல்லை. ரவுட்டரை 6க்கு மாற்றி, புது இன்டர்ஃபேஸுக்கு வேறு மேக் முகவரி (நெட்வொர்க்கில் கார்டை அடையாளம் காட்டும் எண்) கொடுத்ததும் இரண்டும் நின்றன. பிரிண்டர் பக்கம் டீஃபால்ட் ரூட் (இன்டர்நெட்டுக்குப் போகும் வழக்கமான வழி) போகாமல் தடுத்துவிடுங்கள், இல்லையென்றால் நெட் அந்தப் பக்கம் போய் முட்டி நிற்கும். இரண்டு நெட்வொர்க்குக்கும் ஐபி முகவரி வரிசையும் வேறாக இருக்கட்டும்.

வேறு வேறு சேனலிலும் செய்யலாம். மைக்ரோசாஃப்ட் ரிசர்ச்சின் மல்டிநெட் என்ற ஆய்வு 2004இலேயே காட்டியது: 'தூங்கப் போகிறேன்' என்று ஒரு ரவுட்டரிடம் சொல்லிவிட்டு கார்டு அடுத்ததற்குத் தாவும், திரும்பி வரும்வரை பாக்கெட்டுகளை (தரவுத் துண்டுகளை) முதல் ரவுட்டர் பிடித்து வைத்திருக்கும். அழகான யோசனை! தாவும் நேரம் வீணாகும் என்பதால் மண்டிக்கு ஒரே சேனல்தான் சரி என்பேன்.

விண்டோஸ் 7இல் வந்த விர்ச்சுவல் வைஃபை நெட்டைப் பகிரத்தான் உதவும், இரண்டாவது நெட்வொர்க்கில் சேர அல்ல.