நூலக வேலைக்கு எந்தப் படிப்பு என்று உங்களுக்கு யார் சொன்னார்கள்? அனுபவத்தை எழுதுங்கள்

கல்லூரி நூலகர், தென்காசிப் பக்கம்

நூலக உதவியாளராகச் சேர்ந்து, வேலை பார்த்துக்கொண்டே படித்து வந்தவர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறோம். எந்தப் பதவிக்கு எந்தப் படிப்பு என்பதை உங்களுக்குச் சொன்னது யார்? எப்போது சொன்னார்கள்? அதை எழுதுங்கள். புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு உதவும். முதலில் என் கதை.

பி.ஏ. வரலாறு முடித்த கையோடு ஒரு சுயநிதிக் கல்லூரி நூலகத்தில் உதவியாளராகச் சேர்ந்தேன். புத்தகத்துக்கு முத்திரை குத்துவது, சேர்க்கைப் பதிவேட்டில் ஏற்றுவது, முதுகில் எண் ஒட்டுவது. இவ்வளவுதான் வேலை. 894.811 என்றால் தமிழ் இலக்கியம், கூடவே 1 வந்தால் கவிதை, 3 வந்தால் கதை என்று மனப்பாடம். ஏன் அப்படி என்று சொல்லித்தர ஆள் இல்லை.

கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடுகிற நாக் குழு எங்கள் கல்லூரிக்கு வரப்போகிறது என்றதும், நூலகத்தைச் சரிசெய்து கொடுக்கப் பக்கத்துக் கல்லூரி நூலகரை அழைத்திருந்தார்கள். மதுரை வரலாறு பற்றிய ஒரு புத்தகம் எண் போடாமல் கிடந்தது. அவர் புத்தகங்களுக்குப் பொருள்வாரியாக எண் போட உதவும் டூயி தொகுதியை விரித்து என் முன்னால் வைத்தார். 900 வரலாறு, 950 ஆசியா, 954 இந்தியா, 954.82 தமிழ்நாடு என்று விரலை வைத்து வரிவரியாக இறங்கி வந்தார். "இப்ப நீங்களே போடுங்க தம்பி" என்றார். போட்டேன். அப்புறம்தான் என்ன படித்திருக்கிறேன் என்று விசாரித்தார்.

அன்று சாயங்காலம், புத்தகத்தில் தேதி குத்துகிற சீட்டின் பின்பக்கத்தில் அவர் எழுதிக் கொடுத்தது: பி.லிப். (நூலக அறிவியலில் இளநிலைப் பட்டம்), எம்.லிப். (அதிலேயே முதுகலை), நெட் (தேசியத் தகுதித் தேர்வு). எம்.லிப். பக்கத்தில் 55 என்று எழுதி வட்டம் போட்டிருந்தார். கல்லூரி நூலகர் பதவிக்கு யூ.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) விதிப்படி முதுகலையில் 55 சதவீதம் வேண்டும். பட்டியல் சாதியினர், பழங்குடியினர், கிரீமி லேயரில் வராத பிற்படுத்தப்பட்டோர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு 5 சதவீதம் தளர்வு உண்டு. இது தெரியாமல் "பாஸ் பண்ணினால் போதும்" என்று படித்து, 53-இல் முடித்துவிட்டுத் திண்டாடுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். திறமையான ஆட்கள். சேர்க்கை அன்றே இதைச் சொல்லியிருக்க வேண்டாமா?

நெட் பற்றியும் ஒரு வார்த்தை. இரண்டாம் தாளில் 100 கேள்வி, 200 மதிப்பெண். தவறான விடைக்கு மதிப்பெண் பிடிப்பது இல்லை, அதனால் ஒன்றையும் விடாதீர்கள். கேள்வித்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே வரும். தமிழ்வழியில் படித்த என்னைப் போன்றவர்களுக்குப் பாடத்தைவிட ஆங்கிலக் கேள்வியைப் புரிந்துகொள்வதுதான் பெரிய மலை. பழைய கேள்வித்தாள்களை எடுத்து, ஒவ்வொரு கலைச்சொல்லுக்கும் தமிழில் விளக்கம் எழுதி வைத்துப் படித்தேன். அதுதான் கைகொடுத்தது.

ஊர்ப்புற நூலகர், டெல்டா பகுதி

நல்ல கேள்வி அண்ணா. எனக்குச் சொன்னது யாருமில்லை. நூலகச் சான்றிதழ்ப் படிப்பு இருக்கிறது என்பதையே செய்தித்தாளில் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். பிளஸ் டூவோடு அதை வைத்துத்தான் ஊர்ப்புற நூலகத்துக்கு வந்தேன்.

என் பிரச்சினை அதற்கு மேல் படிப்பதில். எங்களுடையது ஒற்றை ஆள் நூலகம். திறப்பதும் நான், பெருக்குவதும் நான், புத்தகம் கொடுப்பதும் நான். தொலைநிலையில் பி.லிப். சேர்ந்தால் நேர்முக வகுப்பு சனி, ஞாயிறு. பள்ளிப் பிள்ளைகள் நூலகத்துக்கு வருவதும் அந்த இரண்டு நாள்தான். நான் வகுப்புக்குப் போனால் கதவில் பூட்டுத் தொங்கும், பிள்ளைகள் வந்து பார்த்துவிட்டுத் திரும்புவார்கள். பக்கத்து ஊர் நூலகர் அக்கா ஒருவர், "நீ போம்மா, உன் நூலகத்துக்கு நான் மாற்று ஆளாக வருகிறேன்" என்று அதிகாரியிடம் எழுதிக் கொடுத்து அனுமதி வாங்கித் தந்தார். அவர் மட்டும் இல்லையென்றால் நான் பட்டம் வாங்கியிருக்க முடியாது. இப்படி ஓர் ஏற்பாட்டைத் துறையே நிரந்தரமாகச் செய்தால் எத்தனையோ பேர் படிப்பார்கள். மூன்றாம் நிலை நூலகர், இரண்டாம் நிலை நூலகர் என்று மேலே போக வழி இருந்தும், படிக்க நேரம் கிடைக்காமல் நிற்கிறவர்கள் எங்களில் பலர்.

இரண்டு விஷயம் மறக்காமல் பாருங்கள். ஒன்று, வேலையில் இருந்துகொண்டு படிப்பதற்கு முன் துறை அனுமதியை எழுத்தில் வாங்கிவிடுங்கள். இன்னொன்று, தொலைநிலைப் படிப்பு என்றால் அந்தப் பல்கலைக்கழகத்துக்கு, அந்தப் பாடத்துக்கு, நீங்கள் சேருகிற ஆண்டுக்கு யூ.ஜி.சி. அனுமதி இருக்கிறதா என்று பட்டியலில் நீங்களே பாருங்கள். எனக்குத் தெரிந்த ஒருவர் வெளிமாநில நிறுவனம் ஒன்றின் பிராஞ்சில் பணம் கட்டிப் படித்தார். அவர் சேர்ந்த ஆண்டுக்கு அனுமதி இல்லை. சான்றிதழ் கையில் இருக்கிறது, எங்கே நீட்டினாலும் ஏற்க மாட்டேன் என்கிறார்கள். வட்டிக்குக் கடன் வாங்கிக் கட்டிய பணம் அது.

பி.லிப். முடித்தவர், சேலம்

அக்கா, அண்ணா, எனக்கு ஒரு சந்தேகம். கேந்திரிய வித்யாலயா நூலகர் வேலைக்கு எம்.லிப். வேண்டுமா? வீட்டில் இதற்குமேல் படிக்க வைக்க வசதி இல்லை.

ஓய்வு பெற்ற நூலகர், சென்னை

தம்பி, பள்ளி நூலகர் வேலைக்கு எம்.லிப். கட்டாயம் இல்லை. நூலக அறிவியலில் இளநிலைப் பட்டம் போதும். இல்லையென்றால் ஏதாவது ஒரு பட்டத்தோடு ஓராண்டு நூலக டிப்ளமோ. இந்தி, ஆங்கிலம் இரண்டிலும் வேலை செய்கிற அளவு பழக்கம் கேட்பார்கள். இந்தி எழுத்துக் கூட்டிப் படிக்க இன்றைக்கே தொடங்குங்கள். டி.என்.பி.எஸ்.சி. நூலகப் பணிகள் தேர்வு வந்தால் அறிவிப்பில் உள்ள தகுதி அட்டவணையை நிதானமாகப் படியுங்கள். ஒரே அறிவிப்பில் பல பதவிகள் இருக்கும், ஒவ்வொன்றுக்கும் தகுதி வேறு.

படிப்புக்கு வெளியே ஒன்று சொல்கிறேன். நான் வேலைக்கு வந்த காலத்தில் கார்டு கேட்டலாக். கணினி வந்தபோது எங்களை உட்காரவைத்துச் சொல்லித்தரவில்லை. நூலக வேலைக்கான கோஹா மென்பொருள் இலவசம். உங்கள் மடிக்கணினியில் லினக்ஸ் போட்டு அதை நிறுவுங்கள். வீட்டில் இருக்கிற புத்தகங்களைப் பதியுங்கள். கணினியில் புத்தக விவரம் பதிகிற மார்க் 21 முறையில், புல எண் 100 ஆசிரியர், 245 தலைப்பு, 082 டூயி எண் என்பதெல்லாம் பாடப்புத்தகத்தில் இருக்கும். ஆனால் அமெரிக்காவின் காங்கிரஸ் நூலகப் பதிவிலிருந்து ஒரு தமிழ்ப் புத்தகத்தை இறக்கிப் பாருங்கள். ஆசிரியர் பெயரும் தலைப்பும் பெரும்பாலும் ரோமன் எழுத்தில் வந்து நிற்கும். தமிழ் எழுத்தில் தேடுகிற வாசகருக்கு அந்தப் புத்தகம் கிடைக்கவே கிடைக்காது. 880 என்ற புலத்தில் அதையே தமிழில் ஏற்ற வேண்டும். இதை எனக்குக் காட்டிக் கொடுத்தவர் என்னைவிட வயதில் மிகவும் இளைய ஒரு பெண். அவருக்கு நான் என்றைக்கும் நன்றி உள்ளவன். நேர்காணலில் "கணினிமயமாக்கல் தெரியுமா" என்று கேட்டால், தெரியும் என்று மட்டும் சொல்லாமல், இப்படிப் பதிந்த புத்தகங்களைத் திறந்து காட்டலாம்.

டெல்டா மகள் எழுதியதைப் படித்து மனசு கனத்துவிட்டது. இந்திய நூலக அறிவியலின் தந்தை எனப்படும் அரங்கநாதன் கணிதப் பேராசிரியராக இருந்து 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானவர். அவரையே லண்டனுக்கு அனுப்பிப் படிக்க வைத்தார்கள். திரும்பி வந்தவர் மற்றவர்களுக்கும் பயிற்சி வேண்டும் என்று பாடுபட்டார். சென்னை நூலகச் சங்கம் 1929-இலேயே கோடைக்காலப் பயிற்சியைத் தொடங்கிவிட்டது. விடுதலைக்குப் பின் நாட்டிலேயே முதலில் நூலகச் சட்டம் வந்ததும் இங்கேதான், 1948-இல். சொத்து வரியில் ரூபாய்க்கு 10 பைசா நூலக வரியாக மக்கள் கட்டுகிறார்கள். அதில் ஒரு பங்கை ஊழியர் படிப்புக்கும், அவர்கள் வகுப்புக்குப் போகும் நாளில் மாற்று ஆளுக்கும் ஒதுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. சங்கங்கள் ஊதியக் கோரிக்கையோடு இதையும் சேர்த்து எழுத வேண்டும்.

கல்லூரி நூலகர், தென்காசிப் பக்கம்

ஐயா, 880 பற்றி இன்றுதான் தெரிந்துகொண்டேன். எங்கள் நூலகத்திலும் பழைய பதிவுகள் பல அப்படித்தான் ரோமனில் கிடக்கின்றன. திங்கட்கிழமையே தொடங்குகிறேன்.

சேலம் தம்பி, எம்.லிப். இப்போது வேண்டாம் என்றால் பரவாயில்லை. பின்னால் கல்லூரிப் பக்கம் வர நினைத்தால் அந்த 55 மட்டும் நினைவில் இருக்கட்டும். நெட் கலைச்சொற்களுக்கு நான் தமிழில் எழுதிய நோட்டுகளைப் படம் எடுத்து வைத்திருக்கிறேன். தனிச்செய்தி அனுப்புங்கள், தருகிறேன். வேறு யாருக்கு வேண்டுமானாலும் கேளுங்கள். அடுத்தவர் எழுதுங்கள், மருத்துவமனை நூலகத்தில், செய்தித்தாள் ஆவணக் காப்பகத்தில் வேலை பார்க்கிறவர்கள் யாராவது இருக்கிறீர்களா?